1000 மீட்டரில் 40 சென்டிமீட்டர்: ஒரு பாலிஸ்டிக் கால்குலேட்டரைத் திருத்திய கதை

குண்டு போகும் பாதையைக் கணக்கிட்டு, ஸ்கோப்பை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று சொல்லும் செயலிதான் பாலிஸ்டிக் கால்குலேட்டர். அது 9.7 மில் என்று சொன்னது. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பின் மேல் டரட்டை, அதாவது உயரத்தைத் திருத்தும் திருகை, அந்த அளவுக்குத் திருகி, மூச்சை அடக்கி, 1000 மீட்டர் தொலைவில் இருந்த இலக்கை நோக்கி ஐந்து முறை சுட்டேன். ஐந்து குண்டுகளும் நெருக்கமாகவே விழுந்திருந்தன; ஆனால் அவற்றின் மையம் குறிக்கு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் கீழே இருந்தது. காற்று அநேகமாக அசையாத காலை அது. என் பிடியிலோ விசையை இழுத்த விதத்திலோ தவறு இருந்திருந்தால் குண்டுகள் சிதறியிருக்கும். ஐந்தும் ஒன்றுகூடி ஒரே பக்கம் தவறியதால், கணக்கில்தான் எங்கோ பிழை என்பது தெளிவாகவே தெரிந்தது.

நெடுந்தொலைவு ரைஃபிள் சுடுதலுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு விளக்கம். மில் என்பது ஒரு கோண அளவு. 1000 மீட்டரில் 1 மில் சரியாக 1 மீட்டர். என் ஸ்கோப்பில் ஒரு கிளிக் 0.1 மில், அதாவது அந்தத் தொலைவில் 10 சென்டிமீட்டர். எனவே நான் தவறிய அளவு நான்கு கிளிக். குண்டு 6.5 மில்லிமீட்டர் விட்டமும் 140 கிரெய்ன் (ஏறத்தாழ 9 கிராம்) எடையும் கொண்டது; குழல்முனையில் அதன் வேகம் நொடிக்கு 825 மீட்டர் என்று பதிவு செய்திருந்தேன்.

அன்று நான் செய்ததைத்தான் பெரும்பாலோர் செய்கிறார்கள். செயலியைத் திறந்து, கணக்கு நான்கு கிளிக் கூடும் வரை வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். 809 என்ற எண்ணில் கணக்கும் காகிதமும் ஒன்றின. 600 மீட்டரில் சோதித்தேன், பொருந்தியது. 300 மீட்டரில் ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தது, அதைப் பொருட்படுத்தவில்லை. செயலியே இதற்கென்று ஒரு வசதி தருகிறது: எவ்வளவு உயர்த்தினால் குறியில் படுகிறது என்று கொடுத்தால், அதற்கேற்ற வேகத்தைத் தானே கணித்துச் சொல்லிவிடும். வேலை முடிந்தது என்று நிறைவோடு திரும்பினேன்.

அந்தச் சுடுதளம் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் இருந்தது. இரண்டு மாதங்கள் கழித்து, கிட்டத்தட்ட கடல்மட்டத்திலேயே அமைந்த வேறொரு சுடுதளத்தில் அதே ரைஃபிளையும் அதே தோட்டாக்களையும் கொண்டு 1000 மீட்டரில் சுட்டபோது, குண்டுகள் குறிக்கு 20 சென்டிமீட்டர் மேலே போய் விழுந்தன. முன்பு கீழே, இப்போது மேலே. ரைஃபிள் மாறவில்லை, தோட்டா மாறவில்லை, நானும் மாறவில்லை. அப்படியானால் 809 என்ற எண் உண்மையான வேகம் இல்லை. வேறு ஏதோ சில பிழைகளை ஒரே போர்வையால் மூடி மறைத்த எண் என்று அன்றுதான் உறைத்தது. எந்த நோய் என்று பாராமல் காய்ச்சலை மட்டும் தணித்து வைத்திருந்தேன்.

கால்குலேட்டருக்கு நாம் தரும் ஒவ்வொரு தகவலும் பிழையானால், அந்தப் பிழை தூரத்தோடு வளரும் விதம் வேறு வேறானது. இதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு மறக்க முடியாது. என் குண்டையே எடுத்துக்கொள்கிறேன். வேகத்தில் 1 விழுக்காடு, அதாவது நொடிக்கு 8 மீட்டர் தவறு என்றால், 300 மீட்டரில் அது ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்; 600 மீட்டரில் 6 சென்டிமீட்டரை நெருங்கும்; 1000 மீட்டரில் 20 சென்டிமீட்டர் ஆகிவிடும். பி.சி. எனப்படும் பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட், அதாவது காற்றுத் தடையை எதிர்த்து வேகத்தைக் காத்துக்கொள்ளும் திறனைக் குறிக்கும் எண், 5 விழுக்காடு தவறு என்றால் 300 மீட்டரில் அரை சென்டிமீட்டர்கூட இராது. 600 மீட்டரில் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். 1000 மீட்டரில் அதுவும் 20 சென்டிமீட்டரை ஒட்டி வரும். சீரோவில், அதாவது குறிப்பிட்ட ஒரு தூரத்தில் குண்டு குறியிலேயே படும்படி ஸ்கோப்பை நிறுத்தி வைக்கும் தொடக்க நிலையில், 0.1 மில் தவறு என்றால் கோணம் எங்கும் ஒன்றேதான்: 100 மீட்டரில் 1 சென்டிமீட்டர், 600 மீட்டரில் 6, 1000 மீட்டரில் 10. ஸ்கோப் கிளிக்குகள் குறைவாக நகர்ந்தால், பிழை தூரத்தைப் பொறுத்ததாக இல்லாமல் நாம் எவ்வளவு திருகினோம் என்பதைப் பொறுத்ததாக இருக்கும்.

இந்த எண்களை மறுபடி பாருங்கள். 1 விழுக்காடு வேகப் பிழையும் 5 விழுக்காடு பி.சி. பிழையும் 1000 மீட்டரில் ஒன்றாகவே தெரிகின்றன. 600 மீட்டரில் அவற்றிடையே உள்ள வேறுபாடு வெறும் 2 சென்டிமீட்டர். ஐந்து குண்டுகளின் மையத்தை வைத்து அந்த 2 சென்டிமீட்டரைப் பிரித்தறிய யாராலும் முடியாது. குண்டு விழுந்த இடத்தை மட்டும் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்க முயல்வது ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கு இதுவே விடை. எனவே கால்குலேட்டருக்கு வெளியே தனியாக அளக்கக்கூடிய அனைத்தையும் முதலில் தனியாக அளந்து முடிப்பது, எதை அளக்கவே முடியாதோ அதை மட்டும் கடைசியில் சுட்டுத் திருத்துவது என்று முடிவு செய்தேன். 809ஐ அழித்துவிட்டு, பழைய 825க்கே திரும்பினேன்.

முதலில் சீரோ. குறிப்பேட்டைப் புரட்டியபோது, 100 மீட்டரில் ஸ்கோப்பைச் சீரோ செய்த நாளில் வலப்பக்கத்திலிருந்து நொடிக்கு நான்கைந்து மீட்டர் வேகத்தில் காற்று வீசியதாக நானே எழுதி வைத்திருந்தேன். மூன்று குண்டுகளை வைத்துச் சீரோ செய்திருந்தேன் என்பதும் அதில் இருந்தது. 100 மீட்டர் தொலைவில் காற்று என்ன செய்துவிடும் என்ற அலட்சியம் அது. உண்மையில் பக்கக் காற்று குண்டைப் பக்கவாட்டில் மட்டும் தள்ளுவதில்லை. வலச்சுழற்சி கொண்ட குழலிலிருந்து வெளியேறும் குண்டு, வலமிருந்து வரும் காற்றைச் சந்திக்கும் கணத்தில் சற்று மேல்நோக்கி விலகுகிறது. இடமிருந்து காற்று வந்தால் கீழ்நோக்கி விலகுகிறது. என் குண்டுக்கு அன்றைய காற்றில் இந்த விலகல் ஏறத்தாழ 0.1 மில். அதைச் சீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

விடியற்காலையில், புல்நுனிகூட அசையாத நேரத்தில், 100 மீட்டரில் பத்துக் குண்டுகள் சுட்டு மையத்தைக் கணக்கிட்டேன். குறிக்கு 1 சென்டிமீட்டர் கீழே, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வலப்பக்கம். அந்த வலப்பக்க விலகலைக் கண்டபோது இன்னொரு பழைய புதிரும் அவிழ்ந்தது. நெடுந்தொலைவில் என் குண்டுகள் எப்போதும் கணக்கைவிடச் சற்று வலமாகவே விழுந்துவந்தன. குண்டின் சுழற்சியால் வரும் விலகலைச் செயலி குறைத்து மதிப்பிடுகிறது என்றே நினைத்திருந்தேன். 1000 மீட்டரில் அந்தச் சுழற்சி விலகல் இந்தக் குண்டுக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். செயலி அதைச் சரியாகத்தான் கணக்கிட்டது. மிச்சமிருந்த 10 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட விலகல், காற்றில் செய்த என் சீரோவிலிருந்து வந்தது.

சீரோவோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று, குழலின் நடுக்கோட்டுக்கும் ஸ்கோப்பின் நடுக்கோட்டுக்கும் இடையிலான உயரம். பலர் செயலியில் முன்பே இருக்கும் எண்ணை அப்படியே விட்டுவிடுகிறார்கள். 100 மீட்டரில் சீரோ செய்த ரைஃபிளில் இந்த உயரம் 1 சென்டிமீட்டர் தவறினால், 1000 மீட்டரில் 9 சென்டிமீட்டர் தவறும். அளவுகோலை வைத்து ஒரு நிமிடத்தில் அளக்கக்கூடிய ஒன்றுக்காக ஒரு கிளிக்கை இழப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. என் எண் இதில் சரியாகவே இருந்தது.

அடுத்தது ஸ்கோப். 100 மீட்டர் தூரத்தை நாடாவால் அளந்து, தூக்குக்குண்டு கட்டி நேர்செங்குத்தாக ஒரு கோடு வரைந்த உயரமான தாளை நட்டேன். ரைஃபிளை அசையாதபடி பிணைத்துவிட்டு, 10 மில் திருகி, குறுக்குக்கம்பி எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தேன். அந்தத் தொலைவில் 10 மில் என்பது சரியாக 1 மீட்டர் ஆக வேண்டும். என் ஸ்கோப் 99 சென்டிமீட்டர்தான் நகர்ந்தது. மூன்று முறை திரும்பத் திரும்பப் பார்த்தும் அதே அளவுதான். ஒரு விழுக்காடு என்பது கேட்பதற்குச் சிறியது, 9.7 மில் திருகும்போது அது 0.1 மில்லாக, அதாவது ஒரு முழுக் கிளிக்காகப் போய்விடுகிறது. இதைச் செயலியில் பதியும்போது கவனம் தேவை. சில செயலிகள் ஸ்கோப் உண்மையில் நகரும் விகிதத்தைக் கேட்கின்றன; அங்கே 0.99 என்று தர வேண்டும். வேறு சில, கணக்கைப் பெருக்க வேண்டிய எண்ணைக் கேட்கின்றன, அங்கே 1.01. மாற்றிப் பதிந்தால் பிழை தீராது, இரட்டிப்பாகும். பதிந்த பின் விடை எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பார்ப்பதே உறுதியான வழி: குறைவாக நகரும் ஸ்கோப்புக்குக் கணக்கு கூட வேண்டும்.

அந்தச் செங்குத்துக் கோட்டின்மேல் இன்னொன்றும் தெரியும். டரட்டைத் திருகத் திருகக் குறுக்குக்கம்பி கோட்டைவிட்டு விலகினால், ஸ்கோப் சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். ஒரே ஒரு டிகிரி சாய்வு, 9.7 மில் திருகும்போது பக்கவாட்டில் 17 சென்டிமீட்டராக வெளிப்படும். அதைக் காற்றின் மேல் பழிபோட்டுப் பல மாதங்கள் வீணாக்கலாம். மில்லுக்குப் பதில் மினிட் (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) அளவில் நகரும் கால் மினிட் கிளிக் ஸ்கோப் வைத்திருப்பவர்கள், தங்கள் கிளிக் உண்மையான கோண மினிட்டா, 100 கஜத்துக்கு ஓர் அங்குலம் என்ற அளவா என்பதையும் இந்தச் சோதனையிலேயே கண்டுகொள்ளலாம். இரண்டுக்கும் வேறுபாடு 4.7 விழுக்காடு, 30 மினிட் திருகும் இடத்தில் ஏறத்தாழ ஒன்றரை மினிட்.

மூன்றாவதாகக் காற்றழுத்தம். மிக அதிகமானவர்களைத் தடுக்கி விழவைக்கும் இடம் இதுதான் என்பது என் எண்ணம், ஏனென்றால் ‘அழுத்தம்’ என்ற ஒரே சொல் இரண்டு வேறு அளவுகளைக் குறிக்கிறது. வானிலை அறிக்கையில் வருவது கடல்மட்டத்துக்கு ஏற்றபடி மாற்றிச் சொல்லப்படும் அழுத்தம்; எவ்வளவு உயரமான ஊரிலும் அது 1013 ஹெக்டோபாஸ்கலை ஒட்டியே இருக்கும். குண்டு சந்திப்பதோ அந்த இடத்திலேயே உள்ள உண்மையான அழுத்தத்தை. 400 மீட்டர் உயரத்தில், சராசரி நாளில், அது 966 ஹெக்டோபாஸ்கல் அளவில் இருக்கும். என் கையடக்கக் காற்றுமானி இந்த உண்மையான அழுத்தத்தைத்தான் காட்டியது. நானும் அதைத்தான் பதிந்தேன். ஆனால் செயலி, நான் தருவது கடல்மட்ட அழுத்தம் என்று எடுத்துக்கொள்ளும் அமைப்பில் இருந்தது. உயரம் 400 மீட்டர் என்பதையும் சேர்த்துக் கொடுத்திருந்தேன். விளைவாக அது 966ஐ மறுபடியும் 920 அளவுக்குக் குறைத்து, காற்று உண்மையில் இருப்பதைவிட நான்கைந்து விழுக்காடு மெல்லியதாக இருக்கிறது என்று நம்பிக் கணக்குப் போட்டது. காற்றின் அடர்த்தியில் 1 விழுக்காடு தவறுவது பி.சி.யில் 1 விழுக்காடு தவறுவதற்குச் சமம். 1000 மீட்டரில் இந்த ஒன்று மட்டுமே ஏறத்தாழ 18 சென்டிமீட்டர்.

கடல்மட்டச் சுடுதளத்தில் குண்டுகள் ஏன் மேலே போயின என்பதும் இங்கே விளங்கியது. உயரம் பூச்சியத்தை ஒட்டிய இடத்தில் இரட்டைத் திருத்தம் தானாகவே மறைந்துவிட்டது. சீரோவும் ஸ்கோப்பும் சேர்ந்த 20 சென்டிமீட்டர் பிழை மட்டும் மிஞ்சியது. நானோ வேகத்தைக் குறைத்து 40 சென்டிமீட்டருக்கு ஈடுகட்டி வைத்திருந்தேன். மிச்சம் 20, மேல்நோக்கி. மூன்று பிழைகளும் ஒரே திசையில் அமைந்து, அவற்றின் கூட்டு வளர்ச்சி 600 முதல் 1000 மீட்டர் வரை ஒரு வேகப் பிழையைப் போலவே வேடமிட்டு நின்றிருந்தது. 300 மீட்டரில் நான் பொருட்படுத்தாத அந்த ஒன்றரை சென்டிமீட்டர்தான் வேடம் கலைந்திருந்த ஒரே இடம். வேகம் மட்டும் காரணமாக இருந்திருந்தால் அதைத் திருத்திய பின் அங்கே எதுவும் மிஞ்சியிருக்கக் கூடாது.

வெப்பநிலையை எடுக்கும்போது கருவியை நிழலில் பிடித்து, காற்றுப்படும்படி சற்று நேரம் வீசிய பிறகே பார்க்க வேண்டும். வெயிலில் காய்ந்த கருவி பத்து டிகிரி கூடுதலாகக் காட்டினால் அடர்த்தியில் 3 விழுக்காட்டுக்கு மேல் தவறும். ஈரப்பதத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 20 டிகிரியில் முற்றிலும் உலர்ந்த காற்றுக்கும் ஈரம் நிறைந்த காற்றுக்கும் அடர்த்தி வேறுபாடு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. புவிச்சுழற்சியின் விளைவு செங்குத்தில் முழு அளவுக்குத் தெரிவது கிழக்கு அல்லது மேற்கு நோக்கிச் சுடும்போது. நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கிச் சுட்டால் 1000 மீட்டரில் 10 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் உயரும். என் இரண்டு சுடுதளங்களுமே ஏறத்தாழ வடக்கு நோக்கியவை என்பதால் இந்தக் கணக்கில் அது குறுக்கிடவில்லை.

இவ்வளவுக்கும் பிறகே வேகத்துக்கு வந்தேன். 825 என்பது, இரண்டு ஒளி உணர்விகளுக்கு இடையே குண்டு கடக்கும் நேரத்தை அளக்கும் பழைய வகைக் குரோனோகிராஃப் மூலம், ஐந்து குண்டுகளில் எடுத்த சராசரி. டாப்ளர் ரேடார் வகைக் கருவி ஒன்றை இரவல் வாங்கி 20 குண்டுகளைச் சுட்டதில் சராசரி 823 என்று வந்தது; குண்டுக்குக் குண்டு வேகம் மாறுபடும் திட்ட விலகல் நொடிக்கு 4 மீட்டர். எண்ணிக்கை ஏன் முக்கியம் என்றால், திட்ட விலகல் 4 ஆக இருக்கும்போது ஐந்து குண்டுச் சராசரியின் நிச்சயமின்மை ஏறத்தாழ 1.8 மீட்டர், இருபது குண்டுச் சராசரியில் அது 0.9 ஆகக் குறைகிறது. மேலும், வேகம் ஒரே நிலையான எண் அன்று. தோட்டாவிலுள்ள வெடிமருந்தின் வெப்பநிலையோடு அது மாறும். குளிர்ந்த காலையிலும் கடும் வெயிலிலும் அளந்து பார்த்ததில், என் தோட்டாவின் வேகம் ஒரு டிகிரிக்கு நொடிக்கு ஏறத்தாழ 0.4 மீட்டர் கூடுகிறது. 25 டிகிரி வேறுபாட்டுக்கு 10 மீட்டர். 1000 மீட்டரில் 25 சென்டிமீட்டர். இரண்டு மூன்று வெப்பநிலைகளில் அளந்த வேகங்களைச் செயலியின் அட்டவணையில் பதிந்துவிட்டேன். புதுக் குழலாக இருந்தால் முதல் நூறு இருநூறு குண்டுகளுக்குள் வேகம் தானாகவே கூடுவது வழக்கம் என்பதால், அதற்கு முன் எடுத்த அளவை நம்பி எதையும் திருத்தக் கூடாது.

பி.சி. பற்றிச் சில சொற்கள். அந்த எண் ஒரு மாதிரிக் குண்டின் காற்றுத் தடையோடு ஒப்பிட்டுத் தரப்படுவது. ஜி1 என்ற மாதிரி, 1881இல் ஜெர்மனியின் க்ருப் (Krupp) நிறுவனம் நடத்திய சோதனைச் சுடுதல்களிலிருந்து பிறந்தது. தட்டையான அடியும் குட்டையான மூக்கும் கொண்ட அக்கால எறிபொருளுக்கு ஏற்றது. நீண்ட மூக்கும் குறுகும் வாலும் கொண்ட இன்றைய குண்டுகளுக்கு ஜி7 மாதிரியே நெருங்கி வருகிறது. இரண்டின் எண்களும் ஒன்றல்ல. ஜி7 எண் ஜி1 எண்ணில் பாதியளவே இருக்கும். ஜி7 எண்ணை ஜி1 என்று பதிந்துவிட்டால் பிழை மீட்டர் கணக்கில் வரும், ஆகவே உடனே பிடிபட்டுவிடும். பிடிபடாதது, அந்த எண் எந்தத் தரக் காற்றை, அதாவது கணக்குக்கென வரையறுத்த எந்தக் காற்று அடர்த்தியை, அடிப்படையாகக் கொண்டது என்பது. அமெரிக்க இராணுவத்தின் பழைய தரக் காற்றுக்கும் இன்றைய பன்னாட்டுத் தரக் காற்றுக்கும் இடையே 1.8 விழுக்காடு அடர்த்தி வேறுபாடு உண்டு. செயலியில் இதற்கும் ஒரு தேர்வு இருக்கும்.

எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டு 400 மீட்டர் உயரச் சுடுதளத்துக்கே திரும்பி, 1000 மீட்டரில் பத்துக் குண்டுகள் சுட்டேன். மையம் கணக்குக்கு 3 சென்டிமீட்டர் கீழே இருந்தது. வேகத்தின் ஏற்ற இறக்கம் ஒன்றினால் மட்டுமே அந்தத் தொலைவில் ஒவ்வொரு குண்டும் 10 சென்டிமீட்டர் அளவுக்கு மேலும் கீழும் போகும். பத்துக் குண்டுகளின் மையத்திலும் 3 சென்டிமீட்டருக்குக் குறையாத நிச்சயமின்மை இருக்கும். ஒரு கிளிக்கில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத அந்த எச்சத்தைத் துரத்திப் பி.சி.யைத் தொட வேண்டும் என்ற ஆசை எழத்தான் செய்தது, தொடவில்லை. பின்னர் கடல்மட்டச் சுடுதளத்திலும் ஒரு எண்ணையும் மாற்றாமல் சுட்டேன். அங்கே மையம் 2 சென்டிமீட்டர் மேலே இருந்தது.

பி.சி.யில் கைவைக்க வேண்டிய இடம் இன்னும் தொலைவில் இருக்கிறது. 1200 மீட்டரைத் தாண்டும்போது என் குண்டின் வேகம் ஒலியின் வேகத்தைப் போல் 1.2 மடங்கை நெருங்குகிறது. அங்கிருந்து காற்றுத் தடை விரைவாக உருமாறுவதால், ஒற்றை எண் எதுவும் முழுமையாகப் பொருந்தாது. அந்த எல்லைக்குச் சற்று உள்ளே ஒரு தூரத்தில் சுட்டுப் பி.சி.யைத் திருத்துவதும், எல்லைக்கு அப்பால் வேகத்துக்கு வேகம் தனித்தனி விகிதம் தருவதும்தான் நல்ல செயலிகள் காட்டும் வழி. ஏற்கெனவே ரேடாரால் அளக்கப்பட்ட தடை வளைவு தங்கள் குண்டுக்குக் கிடைக்கிறது என்றால் அதையே பயன்படுத்துவது மேல். அடுத்த காற்றில்லாத காலைக்கு 1150 மீட்டரில் இலக்கு நட ஏற்பாடு செய்திருக்கிறேன். தொலைவுமானியின் கதிர் இலக்குக்குப் பின்னாலுள்ள மண்மேட்டில் பட்டுத் திரும்பிவிடக் கூடாது என்பதற்காக, தூரத்தை இரண்டு திசைகளிலிருந்தும் அளந்து குறித்து வைத்தாயிற்று. இருபது தோட்டாக்கள் அதே மருந்துத் தொகுதியிலிருந்து எடுத்துத் தனியாக வைக்கப்பட்டிருக்கின்றன.